நத்தை ஓட்டில் எழுந்த சுவர்

என் புருஷனின் அண்ணன் என் மேல் ஒரு நாளும் கை நீட்டியதில்லை. அதற்கு அவசியமே இல்லாமல் காரியத்தை நடத்திக்கொள்ளத் தெரிந்தவர். என் புருஷன் இறந்துபோன மூன்றாம் மாதம் சொத்தைப் பாகம் பிரித்தார். ஸ்ரீவைகுண்டத்தில் வாய்க்கால் ஓரம் இருந்த மண்வீடு எனக்கு வந்தது. அதன் மேற்குச் சுவர் மாசமான வயிறு போல வெளியே தள்ளி நின்றது.

"ஐப்பசி மழைக்கு இது விழும். விழுந்தா எங்க அடுக்களைக்கு வந்திருளா. ஏனம் தேய்க்க எங்களுக்கும் ஆள் வேணும்லா" என்றார். கூட நின்றவர்கள் சிரித்தார்கள்.

சுவரை இடித்துவிட்டுக் கொத்தனாரைக் கூப்பிட்டேன். வரவில்லை. இன்னொருவரும் வரவில்லை. யார் தடுத்தது என்று எனக்குத் தெரியும். ஊரில் மாடு கட்டிச் சுண்ணாம்பு அரைக்கும் கல் ஒன்றுதான், அதுவும் அவர் தோப்பில் கிடந்தது. போய்க் கேட்டேன்.

"மாட்டுக்கு மேலு சரியில்ல" என்றார். மாடு என் எதிரிலேயே வைக்கோல் தின்றுகொண்டிருந்தது.

ஆனியும் ஆடியும் வயலில் நத்தை ஓடு பொறுக்கினேன். வரட்டி அடுக்கிச் சுட்டுத் தண்ணீர் தெளித்தால் வெள்ளைச் சுண்ணாம்பாகப் பூத்து உதிர்ந்தது. கொல்லையில் வட்டமாகப் பள்ளம் வெட்டிக் கல் பதித்து, நடுவில் பனந்துண்டு நட்டேன். அதில் ஒரு கம்பைச் செருகி மறுமுனையில் பழைய வண்டிச் சக்கரத்தை மாட்டினேன். பாரத்துக்கு என் அம்மிக்கல்லையே கம்பில் கட்டினேன். மாட்டுக்குப் பதிலாக நானும் களையெடுக்க வரும் ஒருத்தியும் தள்ளினோம். பள்ளத்தில் சுண்ணாம்பும் மணலும் அரைபட்டன.

"ஏக்கா, செக்கு மாடுகூட மத்தியானம் படுக்கும்லா."

"நான் படுத்தா அவரு அடுக்களையிலதான் எந்திரிக்கணும். தள்ளுளா."

செங்கலுக்குப் பதிலாகக் குயவர் சூளையில் கோணிப்போன பானைகள். களிமண் திணித்துக் கவிழ்த்து அடுக்கி, இடுக்கெல்லாம் சாந்து பூசினோம்.

சாந்து இறுகக் கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டித் தண்ணீரும் விடுவார்கள். அளவு கொத்தனாருக்குத்தான் தெரியும். கூப்பிட்டு வராதவரிடம் நான் போய்க் கேட்பவளில்லை. புருஷனின் அண்ணன் வீட்டுச் சுவரைவிட இறுகட்டும் என்று கருப்பட்டியை அள்ளிப் போட்டேன். பத்து நாளாகியும் விரல் வைத்தால் அமுங்கியது. எறும்பு சாரை சாரையாக ஏறியது.

அவர் வந்து குடையின் முனையால் குத்திப் பார்த்தார். ஒரு சாண் உள்ளே போயிற்று.

"டவுண் அல்வா இதவிடக் கெட்டியா இருக்கும். ஏளா, எறும்புக்கா வீடு கெட்டுத?"

அவர் தெரு திரும்புவதற்குள் கடப்பாரையை எடுத்தேன். சுவரை இடித்ததில் பாதிப் பானைகள் உடைந்தன. மறுபடி குயவரிடம் போனேன், மறுபடி சக்கரம் தள்ளினோம். இந்தத் தடவை கருப்பட்டியைக் கால் பங்காகக் குறைத்தேன். ஐப்பசி பிறக்கையில் சுவர் என் தலைக்கு மேல் நின்றது.

எட்டு நாள் விடாத மழை. தினம் காலையில் அவர் வந்து பார்த்துவிட்டுப் போனார். எட்டாம் நாள் குடையை மடக்கி, அதே இடத்தில் ஓங்கிக் குத்தினார். முனை வளைந்தது. சுவரில் ஒரு வெள்ளைக் கீறல், அவ்வளவுதான். குடையை மறுபடி விரிக்கப் பார்த்தார், விரியவில்லை.

"மழைக்குச் செத்த ஒதுங்கிட்டு..." என்று வாசலைப் பார்த்து இழுத்தார்.

"உங்க அடுக்களை பக்கத்துலதான அத்தான் இருக்கு" என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன்.