சிடி கடை சேகர் அண்ணனும் பாதியில் நின்ற கார்ட்டூன் படமும்

சிடி கடை சேகர் அண்ணன் இன்று காலை போய்விட்டார்.

பல் விளக்கிக்கொண்டிருந்தாராம். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. ஆட்டோ வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது...

திருத்தணியில் பழைய ஆட்களுக்கு அவரைத் தெரியும். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், நான் வேலை பார்த்த ஜெராக்ஸ் கடைக்கு நேர் எதிரே அவர் கடை. வாடகைக்குக் கொடுத்த சிடியில் கீறல் விழுந்திருந்தால் தெருவே கேட்கிற மாதிரி கத்துவார். முன்கோபி. நானும் ஒன்றும் குறைந்தவள் இல்லை.

இதை இதுவரை யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை.

என் வீட்டுக்காரர் கனகம்மாசத்திரம் ரோட்டில் லாரி மோதி இறந்தபோது என் மகளுக்கு ஏழு வயது. அப்போது அவளுக்கு அம்மை போட்டிருந்தது. உடம்பெல்லாம் முத்து, வேப்பிலைப் படுக்கை.

அம்மை கண்ட வீட்டில் இழவுச் செய்தி பேசக் கூடாது, அழக் கூடாது என்றார்கள் பெரியவர்கள். அவர் உடலை நேராக ஆந்திராவில் நகரி பக்கம் அவருடைய ஊருக்கே கொண்டுபோய்விட்டார்கள். நான் போய் வந்த அந்த ஒரு நாள் பாப்பாவைப் பார்த்துக்கொண்டது சேகர் அண்ணனின் மனைவி.

"நைனா எங்க?" என்று அப்பாவைத் தேடினாள். "வேலையா ஊருக்குப் போயிருக்காரு" என்றேன்.

தலைக்குத் தண்ணீர் ஊற்றியதும் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். மூன்று தண்ணீரும் ஊற்றியாயிற்று. எனக்கு வாய் வரவில்லை...

ஒரு மாதம். இரண்டு மாதம். அவளுக்குச் சந்தேகம் வரக் கூடாது என்று பொட்டு வைத்துக்கொண்டே வேலைக்குப் போனேன். சொந்தக்காரர்கள் காறித் துப்பாத குறை. கடைக்கு வருகிறவர்கள் யாராவது அவள் முன்னால் துக்கம் விசாரித்துவிடுவார்களோ என்று அவளை எங்கள் கடைக்குள்ளேயே விடமாட்டேன்.

ஸ்கூல் விட்டால் பாப்பா இருப்பது சேகர் அண்ணன் கடையில்தான். "உங்க வாயிலருந்து வந்துடக் கூடாதுண்ணா" என்று கையில் அடித்துச் சத்தியம் வாங்கியிருந்தேன். திட்டிக்கொண்டேதான் செய்தார். "பச்சப் புள்ளைய ஏமாத்திகினு கீற. எத்தினி நாளிக்கிம்மா இது?"

ஆடிக் கிருத்திகை வந்தது. ஸ்கூல் லீவு. ரோடு முழுக்கக் காவடி, நடக்க இடமில்லை. தெருப் பிள்ளைகளை எல்லாம் கடைக்குள் உட்காரவைத்து ஒரு கார்ட்டூன் படம் போட்டார். திருப்பதியில் இருந்து வாங்கி வந்த சிடி, தெலுங்கு டப்பிங். அவரே டிவி பக்கத்தில் நின்று தமிழில் கதை சொன்னார்.

குடும்பமே சூப்பர் ஹீரோ. அப்பா பறப்பார், பையன் மலையைத் தூக்குவான். பையனுக்கு நண்பன் ஒரு காண்டாமிருகக் குட்டி. அதற்குப் பறக்கத் தெரியாது, ஆனாலும் கழுத்தில் சிவப்புத் துணியைக் கட்டிக்கொண்டு பின்னாலேயே ஓடும். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பது எதிரே என் கடை வரைக்கும் கேட்டது.

திடீரென்று சிரிப்பு நின்றது.

எட்டிப் பார்த்தேன். படத்தில் பாலம் இடிகிறது. ஆட்களைக் காப்பாற்றப் போன அப்பா உள்ளே மாட்டிக்கொண்டார். காண்டாமிருகம் பையனிடம் தெலுங்கில் என்னவோ சொல்ல, அவன் அழுகிறான். அதோடு முதல் சிடி முடிந்து டிவி நீலமாகிவிட்டது. நான் கூட்டத்தை இடித்துக்கொண்டு ரோட்டைத் தாண்டி ஓடினேன்.

"இன்னா சொல்லிச்சி மாமா? அவங்கப்பா வருவாரா?" பிள்ளைகள் ஒரே கத்தல்.

சேகர் அண்ணன் வாசலில் நின்ற என்னைப் பார்த்தார். வேண்டாம் என்று தலையாட்டினேன்.

"ஊருக்குப் போயிருக்காராம்... வந்துடுவாரு" என்றார்.

"பொய் சொல்றீங்க மாமா. செத்துட்டாருன்னு சொல்லிச்சி."

சொன்னது என் மகள். அப்பாவோடு தெலுங்கிலேயே பேசி வளர்ந்தவள். அந்த நேரத்தில் அது எங்கள் இரண்டு பேருக்குமே ஞாபகம் வரவில்லை.

"நைனாவும் ஊருக்குத்தான போயிருக்காரு?" என்றாள். அவரைத்தான் கேட்டாள், என்னைக் கேட்கவில்லை.

வெளியே பம்பை, அரோகரா. உள்ளே அவ்வளவு பிள்ளைகளும் அண்ணனையே பார்த்தார்கள்.

"ஆங்... நான் சொன்னது பொய்தாம்மா" என்றார். "உங்க நைனா விஷயத்த உங்கம்மா சொல்லுவாங்க. இப்பவே சொல்லுவாங்க."

மற்ற பிள்ளைகளை வெளியே அனுப்பினார். அவரை வாசலுக்கு இழுத்து நான் திட்டிய திட்டில் காவடி எடுத்தவர்களே நின்று பார்த்தார்கள். "உன் வூட்டுல எழவு வுழுந்திருந்தா இப்டி செய்வியா?" என்று கேட்டேன். அத்தனை கோபக்காரர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார்.

அப்புறம் பாப்பா முன்னால் போய் உட்கார்ந்தேன். சொன்னேன்.

"அப்போ, நான் தூங்கும்போது போன் பண்ணாருன்னு சொன்னியே?"

"அதுவும் பொய்தான் பாப்பா" என்றேன்.

வாசலில் நின்ற அண்ணனைக் கூப்பிட்டு, "மாமா, ரெண்டாவது சிடி போடுங்க" என்றாள்.

மூன்று பேரும் உட்கார்ந்து பார்த்தோம். அந்த அப்பா வரவே இல்லை. பையன் எதையும் தூக்காமல் வீட்டிலேயே கிடந்தான். காண்டாமிருகம் தினம் அவன் வாசலில் வந்து படுத்துக்கொண்டது. பாப்பா என் மடியில் முகத்தை வைத்து அப்போதுதான் அழுதாள். அவளுக்குத் தெலுங்கு தெரியும் என்று தெரிந்தும் அண்ணன் கதை சொல்வதை நிறுத்தவில்லை.

அதற்குப் பிறகு ஒரு வருஷம் நான் அவரிடம் பேசவில்லை. மகள் மட்டும் தினமும் போனாள்.

இன்று செய்தி வந்ததில் இருந்து எனக்குப் போன் மேல் போன். மகள் சென்னையில் இருக்கிறாள், எட்டாம் மாதம். "மாசமா இருக்கிறவகிட்ட சொல்லிடாத. கொழந்த பொறக்கட்டும், மெதுவா சொல்லிக்கலாம்." சொந்தக்காரர்களும் இதையே சொன்னார்கள், மாப்பிள்ளையும் இதையே சொன்னார். அவர்கள் மேல் தப்பில்லை, எனக்கும் பயம்தான்.

பத்து மணிக்கு அவளே கூப்பிட்டாள். "என்னம்மா, குரல் ஒரு மாதிரி இருக்கு?"

"சேகர் மாமா செத்துட்டாரு பாப்பா" என்றேன்.

அழுதாள். போனை வைக்காமல் நானும் கூடவே இருந்தேன்.

அன்று நடுத்தெருவில் திட்டியதற்கு உங்களிடம் மன்னிப்பு கேட்கவே இல்லை அண்ணா... மன்னிச்சிடுங்க. போய்ட்டு வாங்க.