வட துருவத்தைச் சுற்றி வந்த தம்பி

இரண்டு வருடங்களுக்கு முன், ஒரு மே மாதக் காலையில், கோட்டூர்புரம் வீட்டில் எங்கள் அத்தா, அதாவது அப்பா, காலமானார். அமெரிக்காவில் இருக்கும் என் தம்பி அப்போது வந்துகொண்டிருந்தான். பத்து மணிக்குச் சென்னையில் இறங்கியிருக்க வேண்டும்.

எட்டு மணிக்கு, நடுவில் எங்கோ எண்ணெய் நிரப்ப இறங்கிய இடத்தில் சேதி தெரிந்து குரல் செய்தி அனுப்பினான். "அக்கா, சூரியப் புயலாம். வட துருவத்து மேல ரேடியோ எடுக்காதுன்னு சுத்திக்கினு வந்துட்டாங்க. அஞ்சு மணிக்குள்ள வந்துடுவேன். அத்தாவை வச்சிருங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அத்தா படுக்கையில் கிடந்த எட்டு மாதமும் வருகிறேன், வருகிறேன் என்றே தள்ளிப்போட்டவன். ஒருமுறை லீவு இல்லை, ஒருமுறை விசா. இப்போது சூரியனா?

மாமா கேட்டார். "புள்ள வர்ற வரைக்கும் பார்ப்போமாம்மா?"

"வேணாம் மாமா. அவன் எப்பவும் ஏதாவது சொல்லுவான். மதியம் லுஹர் தொழுகை முடிஞ்சதும் எடுத்துடலாம்."

மூத்தவள் சொன்னதால் யாரும் மறுக்கவில்லை.

தம்பி நாலே முக்காலுக்கு வந்தான். காலியாக இருந்த கட்டிலைப் பார்த்தான். பையைக்கூட இறக்காமல் மாமாவோடு, அடக்கம் நடந்த சைதாப்பேட்டை கபரஸ்தானுக்குப் போனான்.

மூன்றாம் நாள், பிரிக்காமல் கிடந்த செய்தித்தாளை எடுத்தேன். சூரியப் புயலால் துருவ வழி விமானங்கள் திருப்பிவிடப்பட்டன என்று போட்டிருந்தது. நான் அசோக் நகரில் ஒரு பள்ளியில் இயற்பியல் ஆசிரியை. துருவத்துக்கு மேலே விமானிகளுக்குச் சிற்றலை ரேடியோதான் துணை. சூரியத் துகள்கள் அங்கே வந்து இறங்கினால் அது ஊமையாகிவிடும், திசை காட்டும் கருவிகளும் தடுமாறும். வருடா வருடம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பவள், தம்பி சொன்னபோது நம்பவில்லை.

அவன் அறைக்குப் போய், "உன்னை நம்பலடா" என்றேன்.

அவன் கேட்டான். "மொகம் எப்படிக்கா இருந்துச்சு?"

"தூங்குற மாதிரி இருந்துச்சுடா."

தலையாட்டிக்கொண்டான். நான் சொன்ன அந்த மூன்று வார்த்தைதான் அவனுக்குக் கிடைத்தது.

தம்பி அன்றே என்னை மன்னித்துவிட்டான். ஆனால் அவன் அத்தாவைக் கடைசியாகப் பார்ப்பதைத் தடுத்தது எந்தப் புயலும் அல்ல, என் கோபம்தான் என்பது எனக்குத் தெரியும்.