பத்தியம் முறித்த கஞ்சி

எழுபதுகளின் தொடக்கத்தில் திருச்சுழிக்குத் தெற்கே ஒரு கிணறு வெட்டும் கூட்டத்தில் சேர்ந்தேன். அதற்கு முன் பந்தல்குடியில் ஒரு சாப்பாட்டுக் கடையில் இலை எடுத்தேன். பிறகு தூத்துக்குடி ரோட்டில் லாரி கிளீனர். படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டது. எந்த வேலையிலும் கால் தரிக்கவில்லை. கிணற்று வேலையில் கொஞ்ச நாள் தங்கியதற்குக் காரணம், என்னோடு சோடியாகப் பாறை உடைத்த ஒருவர். உறவு கிடையாது, ஆனாலும் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். அவர் மனைவி எனக்கு மதினி.

அந்தக் கோடைக்கு முன் அண்ணனுக்கு மஞ்சள்காமாலை வந்து ஆளே உருகிப்போனார். நாட்டு வைத்தியர் பச்சிலை கொடுத்து, ஒரு மண்டலத்துக்கு உப்பு, புளி, எண்ணெய் தொடக்கூடாது என்று சொல்லியிருந்தார். உடம்பு கொஞ்சம் தேறியதும் அண்ணன் வேலைக்கு வந்துவிட்டார், ஆனால் பத்தியத்தை விடவில்லை. தூக்குவாளியில் உப்பில்லாத கம்மங்கஞ்சி வரும். நாங்கள் ஊறுகாயைக் கடிக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

சித்திரை வெயிலில் கிணற்றின் அடியில் காற்று என்பதே கிடையாது. நாலு பக்கப் பாறையும் சூட்டைத் திருப்பி அடிக்கும். வேர்வை வழிந்து வேட்டியைப் பிழியலாம். அன்று காலையிலேயே அண்ணனுக்குக் கெண்டைக்கால் கல்லாகச் சுருட்டிக்கொண்டது. பிறகு தொடை, பிறகு வயிறு. கயிற்றுக் கட்டிலை இறக்கி, அதில் வைத்து மேலே தூக்கினோம். வெயில் அடித்துவிட்டது என்று ஆளாளுக்குத் தண்ணீர் கொடுத்தோம். குடித்தார், வாந்தி எடுத்தார், திரும்பவும் குடித்தார். ஒரு பானை காலியாகி அடுத்த பானை வந்தது. நல்லது செய்கிறோம் என்பதில் எங்களில் ஒருவருக்கும் சந்தேகம் இல்லை.

கொஞ்ச நேரத்தில் பேச்சு குழறியது. என்னைப் பார்த்து, "அய்யா, மாட்ட அவுத்துவிட்டீகளா?" என்றார். செத்துப்போன தன் அப்பா என்று நினைத்துவிட்டார்.

அருப்புக்கோட்டை பஸ்ஸில் ஏற்றினோம். பாதி வழி போவதற்குள் வலிப்பு வெட்டு வந்துவிட்டது. கண் மேலே செருகி, கை கால் உதறின. கண்டக்டர் எங்கிருந்தோ ஒரு இரும்புச் சாவியைக் கொண்டுவந்து அவர் கையில் திணித்தார். நான் தலையை மடியில் பிடித்துக்கொண்டிருந்தேன். ஆள் போய்விட்டார் என்றே நினைத்தேன்.

டவுனில் அது ஒரு சின்ன ஆஸ்பத்திரி. டாக்டர் பார்த்துவிட்டுப் பாட்டில் ஏற்றச் சொன்னார். நர்ஸம்மா நடுவயதுக்காரர், சிரிப்பில்லாத முகம். அண்ணனை ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாயில் இருந்ததைத் துணியால் துடைத்து எடுத்தார். அண்ணனின் கையை ஒரு பலகையோடு சேர்த்துக் கட்டி, ஊசியை ஏற்றி, ரப்பர்க் குழாயில் சொட்டு விழுவதைப் பார்த்து நின்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"என்ன சாப்பிட்டாரு?"

"கஞ்சிதாம்மா. உப்பில்லாக் கஞ்சி. காமாலைப் பத்தியம்."

"தண்ணி?"

"நெறையக் குடுத்தோம்."

"குடுப்பீக. வேர்வையில உப்பெல்லாம் போயிருச்சு, சாப்பாட்டுலயும் உப்பு இல்ல. அதுக்கு மேல பானை பானையா வெறுந்தண்ணிய ஊத்திருக்கீக. ரத்தம் நீர்த்துப்போயி மூளை வீங்குது. அதான் வெட்டு. இனிமே வெறுந்தண்ணி ஒரு மடக்கு உள்ள போகக்கூடாது. கெஞ்சுனாலும் சரி, அழுதாலும் சரி. ஒன்னாலதான் முடியும், நீதான் காவல்."

இன்னொரு தடவை வெட்டு வந்தால் மதுரைக்குக் கொண்டுபோக வேண்டும், வழி தாங்குமா என்று சொல்ல முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

அந்தக் காவல் வேலை பாறை உடைப்பதைவிடக் கஷ்டமாக இருந்தது. பாட்டில் பாதி இறங்கியபோது அண்ணன் கண்ணைத் திறந்து, "தண்ணி, தண்ணி" என்று நாக்கைச் சப்பினார். பக்கத்துக் கட்டிலுக்குக் காவலிருந்த அம்மா சொம்போடு எழுந்து வந்தார். நான் குறுக்கே நின்றேன்.

"என்னய்யா, தவிச்ச வாயிக்கித் தண்ணி குடுக்க விடாமத் தடுக்க? நீயெல்லாம் ஒரு மனுசனா?"

"நர்ஸம்மா உத்தரவு, தாயி."

"நல்லா இருக்கு ஒங்க உத்தரவு. எங்கூருல நாய்க்குக்கூட இல்லைன்னு சொல்லமாட்டோம்."

நான் நகரவில்லை.

அடுத்த பஸ்ஸில் மதினி வந்தார். கையில் தூக்குவாளி, அதே உப்பில்லாக் கஞ்சி. பாட்டிலைப் பார்த்து, "இது என்ன மருந்து தம்பி?" என்று கேட்டார். எனக்கு மறைக்கத் தெரியவில்லை.

"உப்புத் தண்ணி, மதினி."

அவர் கை நேராகக் குழாய்க்குப் போனது. பாய்ந்து பிடித்துக்கொண்டேன். "விடுங்க!" என்று மதினி கத்தினார். "என் கூடப்பெறந்த அண்ணனுக்கும் இதே காமாலதான். யாருக்கும் தெரியாமக் கருவாட்டைத் தின்னுட்டு எட்டா நாளு போயிட்டாரு. என் கண்ணால பாத்தேன். இவுகளையும் கொல்லப் பாக்கிறீகளா?"

சத்தம் கேட்டு நர்ஸம்மா வந்தார். மதினியைத் திட்டவில்லை. அண்ணனின் காலைத் தொட்டுக் காட்டினார். கெண்டைச் சதை இன்னும் தோலுக்கடியில் தானாகத் துடித்துக்கொண்டிருந்தது.

"பாத்தீகளா? இது அடங்கணும். அடங்கலேன்னா மறுபடி வெட்டு வரும். காமால வந்தா வைத்தியம் பாக்கலாம்மா. அதுக்கு மொதல்ல ஆளு இருக்கணும்ல?"

மதினி குழாயை விட்டுவிட்டார். ஆனால் நம்பவில்லை. சுவரோடு உட்கார்ந்து, சொட்டு விழுவதை எதிரியைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பாட்டில் முடியும் முன்பே கை புசுபுசுவென்று வீங்கிவிட்டது. மருந்து நரம்பை விட்டு வெளியே இறங்கியிருந்தது. நர்ஸம்மா ஊசியை உருவி, வேறு இடத்தில் குத்திப் பார்த்தார். நரம்பு ஒட்டிப்போய்க் கிடந்தது. இன்னொரு இடம், அதுவும் கிடைக்கவில்லை. அவர் நெற்றியிலும் வேர்த்தது. பிறகு அண்ணனைத் தூக்கிச் சாய்த்து உட்காரவைத்து, கரண்டியில் கொஞ்சம் ஊற்றி விழுங்குகிறாரா என்று பார்த்தார். விழுங்கினார்.

"சரி, வாய்வழியாப் பாப்போம். அரிசிக் கஞ்சி, உப்புப் போட்டு. கொஞ்சங் கொஞ்சமா."

கஞ்சி வந்தது. முதல் கரண்டியில் உப்பு நாக்கில் பட்டதும் அண்ணன் துப்பினார். பல்லை இறுக்கிக்கொண்டார். நர்ஸம்மா கொடுத்தும், நான் கொடுத்தும் வாய் திறக்கவில்லை. புத்தி கலங்கிக் கிடந்த நேரத்திலும் பத்தியம் மட்டும் மறக்கவில்லை. கண் மதினியைத் தேடியது.

"நீங்க குடுத்தாத்தான் குடிப்பாரு" என்றார் நர்ஸம்மா.

மதினி எழுந்திருக்கவில்லை. கட்டிலில் அண்ணனின் விரல்கள் மறுபடி இழுக்கத் தொடங்கின. பஸ்ஸிலும் இப்படித்தான் தொடங்கியது. "மதினி" என்றேன்.

அவர் வந்து கிண்ணத்தை வாங்கினார். ஊட்டவில்லை. முதலில் தானே ஒரு வாய் குடித்தார், உப்புப் பட்டதும் அவர் முகமும் சுளித்தது. ஒரே அடுப்பு, ஒரே பானை என்பதால் இத்தனை நாளும் அவரும் உப்புத் தொடாமல்தான் இருந்திருக்கிறார் என்று அப்போதுதான் தெரிந்தது.

"ஏங்க, நான் குடிச்சிட்டேன். வாறது எனக்கும் சேந்து வரட்டும். வாயத் தெறங்க."

அண்ணன் வாயைத் திறந்தார். அழுதுகொண்டே ஊட்டினார் மதினி. நர்ஸம்மா பக்கத்தில் நின்று, அவசரப்படாதீர்கள், விழுங்கட்டும் என்று மட்டும் சொன்னார். மூன்று பேரும் அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தோம். இழுப்பு கூடவும் இல்லை, உடனே நிற்கவும் இல்லை. கிண்ணம் காலியாகி, கொஞ்சம் இடைவெளி விட்டு இன்னொரு கிண்ணம் போனது. வெயில் சன்னலை விட்டு இறங்கும்போது விரல்கள் ஓய்ந்து, சிறுநீரும் தாராளமாகப் போனது. நர்ஸம்மா அளந்து பார்த்துத் தலையை ஆட்டினார்.

"இது யாருன்னு தெரியுதா?" என்று என்னைக் காட்டிக் கேட்டார்.

"இந்தப் பயலா? ஏலே, கடப்பாரைய எங்கல போட்டுட்டு வந்த?"

மதினி சேலை முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டார். நர்ஸம்மா, வெறுந்தண்ணிக்கு இன்னும் காவல் உண்டு என்று என்னிடம் சொல்லிவிட்டு, அழுக்குத் துணிகளை அள்ளிக்கொண்டு போனார்.

அண்ணன் மறுபடி கிணற்றுக்கு வந்தார். தூக்குவாளிக் கஞ்சியில் உப்பு இருந்தது. ஆனால் மண்டலம் முடிகிறவரை, தினமும் காலையில் வாளியைக் கையில் கொடுக்கும் முன் மதினி அவரை வெளிச்சத்துக்கு இழுத்துவந்து, கீழ் இமையைப் பிதுக்கி, கண்ணில் மஞ்சள் தட்டுகிறதா என்று பார்த்த பிறகே அனுப்பினார்.