திரைக்குப் பின்னால் இருக்கற சாமி

எங்க ஊர்ல ஆர்ட்டுன்னா பனியன்ல அச்சடிக்கற படம். துணி வாங்கற வெளிநாட்டு பையர் அனுப்பற மண்டையோடு, பூனைக்குட்டி, டைனோசர் எல்லாம் ஆர்ட்டுதான். அதனாலதான் யுனிவர்சிட்டில ஆர்ட் ஹிஸ்டரி படிக்கறேன்னு சொன்னதும் எங்கப்பா வாயெல்லாம் பல்லாத் தலையாட்டினார். சொந்தமாப் பிரிண்டிங் பட்டறை வெச்சிருந்தார். புள்ள படிச்சுட்டு வந்து டிசைன் போட்டுத் தரும்னு நெனப்பு. அது பழைய சிலைகளப் பத்தின படிப்புன்னு நான் வாயத் தொறக்கலை. தொறந்திருந்தா காலேஜுப் பக்கம் காலே வெச்சிருக்க முடியாது.

கடைசி வருசப் பரிச்சைக்கு முன்னால லீவுல வந்திருந்தேன். லைப்ரரிப் புஸ்தகத்தப் பட்டறை மேசைல வெச்சுட்டுப் பின்னால இருக்கற ஊட்டுக்குச் சோறுண்ணப் போனேன். அந்நேரம் பாத்து ஆர்டர் குடுக்கற கம்பெனி மெர்ச்சண்டைசர் ஒருத்தன் வந்திருக்கான். அப்பாவுக்குப் பெருமை தாங்கலை. "என்ற புள்ள ஆர்ட்டுப் படிக்குதுங்க, பாருங்க"ன்னு புஸ்தகத்தத் தொறந்து காட்டியிருக்கார். பக்கம் பூராவும் கோயில் சிலைங்க, ஒட்டுத்துணி இல்லாம. "ஏனுங், பாப்பா இதத்தான் படிக்குதுங்களா?"ன்னு அவன் சிரிச்சுட்டுப் போயிட்டான்.

நான் திரும்பி வந்து நின்னதும் அறை விழுந்துச்சு. ரெண்டாவது அறைக்கு மை டப்பாங்க மேல போயி விழுந்தேன்.

"படிச்சுக் கிழிச்சது போதும். வர்ற முகூர்த்தத்துல உன்னய எவனுக்காச்சும் புடிச்சுக் குடுக்கலீன்னா நான் மனுசனே இல்ல!" புஸ்தகத்த ரெண்டாக் கிழிச்சு வீசினார்.

எனக்கு உச்சி மண்டை வரைக்கும் சுர்ருன்னு ஏறுச்சு. "நம்ம கொலசாமி சேலைய அவுத்தாலும் இப்படித்தானுங்க இருக்கும்! அபிசேகத்துக்கு எதுக்குத் திரை போடறாங்கன்னு நெனச்சீங்க?"

அச்சடிச்சுட்டிருந்தவங்க கை அப்படியே நின்னு போச்சு. அப்பா பெல்ட்ட உருவினார். கொக்கி காது மேல பட்டுச்சு, முதுகுல விழுந்துச்சு. "மொதலாளி, விட்ருங்க, பொம்பளப்புள்ள"ன்னு குறுக்க வந்த, பட்டறைல வேலை செய்யற திருநெல்வேலிக்காரருக்கும் ஒரு உதை.

சத்தங்கேட்டு எங்கம்மா சோத்துக்கையோட ஓடி வந்துச்சு. "அடிக்காதீங்க. புள்ள சொல்றது நெசந்தானுங்க. கோயில எடுத்துக் கட்டறப்ப நானே கண்ணுல பாத்தனுங்க. அம்மன் மேல துணி இல்லீங்க."

எங்கம்மா அவர எதுத்துப் பேசி நான் கேட்டதே இல்ல. அவர் அம்மா மசுரப் புடிச்சு மொகரையக் கதவு நெலைல மோதினார். ஒதடு கிழிஞ்சு ரத்தம் தாலி வரைக்கும் எறங்குச்சு.

மை இழுக்கற கட்டை கைக்கு எட்டுச்சு. எடுத்து அவர் தலையில போட்டேன். இன்னொண்ணும் போட்டேன். சாகட்டும்னுதான் போட்டேன். அவர் அப்படியே தரையில உக்காந்துட்டார்.

அம்மா ஓடிப்போயி காப்பித்தூளக் கொண்டாந்துச்சு. அவர் காயத்துல வெச்சு அழுத்துச்சு. தன் ஒதட்டத் தொடைக்கக்கூட இல்ல. என்னைத் திரும்பியும் பாக்காமச் சொல்லுச்சு: "போ. இவரு எந்திரிக்கறதுக்குள்ள பஸ் ஏறிரு. பரிச்சைய எழுதி முடி."

எழுதினேன். பாஸும் ஆயிட்டேன். அதுக்கப்பறம் ஊட்டுக்குள்ள என்னைச் சேத்தலை. அம்மா மட்டும் எப்பவாச்சும் பக்கத்து ஊட்டுப் போன்ல பேசும்.

"அவரு இன்னும் அடிக்கறாருங்களாம்மா?"ன்னு கேப்பேன்.

"சாப்புட்டயா கண்ணு?"ன்னு கேக்கும்.