ஆறு கிழமைக்குள் அவிழ்த்த நாய்

எங்கள் நாய்க்குக் காயடித்துவிடலாம் என்று முதலில் சொன்னவள் என் மனைவி. அப்போது அதற்கு மூன்று வயது. தலவாக்கலையிலிருந்து பூண்டுலோயாப் பக்கம் போகும் பாதையில் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் நான் ஆசிரியன். பள்ளிக்கூடத்தை ஒட்டிய வீட்டில் நான், மனைவி, ஒன்பது வயது மகள், அந்த நாய் என்று குடியிருந்தோம். மகள் எங்களுக்குக் கல்யாணமாகிப் பதினொரு வருஷம் கழித்துப் பிறந்தவள்.

வருஷத்தில் இரண்டு மூன்று தடவை அந்த நாய் வேறு நாயாகிவிடும். தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் ஏதாவது ஒரு பெட்டை பருவத்துக்கு வந்தால் போதும், சோற்றை முகர்ந்துகூடப் பார்க்காது. கதவைப் பிறாண்டும். வாசற்படி, கரும்பலகைத் தாங்கி, என் குடை என்று எதையும் விடாமல் காலைத் தூக்கும். வகுப்பு நடக்கும்போது உள்ளே வந்து பையன்களின் காலைக் கட்டிக்கொள்ளும். பிள்ளைகள் சிரிப்பார்கள், நான் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொள்வேன். பிறகு நாலைந்து நாள் காணாமல் போய், காது கிழிந்து, ஒரு காலை நொண்டிக்கொண்டு வந்து அடுப்படியில் படுத்துக்கொள்ளும்.

பக்கத்துத் தோட்டத்தில் ஒரு பெண் இறக்கும்வரை இதெல்லாம் சிரிப்பாகத்தான் இருந்தது. கொழுந்து எடுக்கும் இடத்தில் அவளை ஏதோ ஒரு நாய் கடித்திருக்கிறது. மஞ்சளைப் பூசிக்கொண்டு மறுநாளும் மலைக்குப் போயிருக்கிறாள். இரண்டு மாதம் கழித்து, கதவிடுக்கில் வந்த காற்றுக்கே அலறினாள் என்று கேள்விப்பட்டோம். வெறிநாய்க்கடி. மூன்றே நாளில் முடிந்துவிட்டது.

அதற்கடுத்த வாரம் காலைப் பெரட்டில், வேலைக்கு ஆள் பிரிக்கிற நேரத்தில், கங்காணி தோட்டத்தை நிர்வகிக்கும் தொரையின் உத்தரவைச் சொன்னார். கட்டாமல் திரியும் நாய் யாருடையதானாலும் சுடப்படும்.

"இத எத்தன நாளைக்குங்க கட்டிப் போட்டுக் காவல் காப்பீங்க?" என்றாள் மனைவி. "மாட்டுக்குச் செய்யறாப்புல செஞ்சு விட்டுருங்க. வீட்டோட கெடக்கும்."

"பாவம்டி."

"சுட்டா மட்டும் புண்ணியமா?"

தோட்டத்தில் மாடுகளுக்குக் காயடிக்கிற ஆள் ஒருவர் இருந்தார். கேட்டபோது கும்பிடு போட்டார். "மாட்டக் கயத்தப் போட்டுக் கவுத்திரலாம் மாஸ்டர். இது என் கையப் பறிச்சுக்கிட்டுப் போயிரும்" என்றார். கடைசியில், கொழுந்துச் சாக்கில் கழுத்துவரை இறக்கிக் கட்டி, லொறியில் ஏற்றி, நுவரெலியாவில் இருந்த மிருக வைத்தியரிடம் கொண்டுபோனேன்.

அவர் யாழ்ப்பாணத்துக்காரர். நிதானமான மனிதர். வேலை முடிந்து கையைக் கழுவிக்கொண்டே சொன்னார்.

"மாஸ்டர், வெட்டிப்போட்டம் எண்டு அவிட்டு விட்டிடாதேங்கோ. ஆறு கிழமைக்குக் கட்டியே வையுங்கோ."

"இனி என்ன செய்யப் போகிறது?"

"வெட்டினதை நான் எறிஞ்சு போட்டன். ஆனா இவ்வளவு நாளும் அது சுரந்தது உடம்புக்குள்ளை ஓடிக்கொண்டுதான் இருக்கும். மெல்ல மெல்லத்தான் வத்தும். வத்தினாப் பிறகும் மூண்டு வருசப் பழக்கம் உடனை மறக்காது. விளங்குதே?"

ஆறு வாரம், விளங்குகிறது என்றேன். விளங்கவில்லை என்று சொல்லி எங்கள் தொழிலில் பழக்கமில்லை.

திரும்பி வந்தபோது பாதையில் கங்காணி நின்றார். "என்ன மாஸ்டர், ஒங்க நாயச் சாமியாராக்கிக் கூட்டியாந்துட்டீங்களாமே! காவி கட்டலையா?" அன்று சாயங்காலத்துக்குள் மேல் லயம், கீழ் லயம் எங்கும் இதே பேச்சு. அந்த நாய்க்குக் காயடித்தது தெரியாதவர் ஒருவர்கூட அந்தத் தோட்டத்தில் இல்லை. இதை இங்கே எழுதக் காரணம், பிறகு நடந்தது இதனால்தான்.

முதல் கிழமை நாய் சுருண்டு கிடந்தது. இரண்டாவது கிழமை நன்றாகச் சாப்பிட்டது. வாசற்படியில் காலைத் தூக்கவில்லை. மூன்றாவது கிழமை சனிக்கிழமை காலை நான் அதன் சங்கிலியை அவிழ்த்தேன். மனைவி அடுப்படியிலிருந்து, "ஆறு கெழமன்னு சொன்னாரில்ல?" என்றாள். "இது இப்ப பசு மாதிரி" என்றேன். சங்கிலி உரசி அதன் கழுத்து மயிர் கொட்டியிருந்தது, அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. வேறு காரணம் எதுவும் இல்லை.

சங்கிலியை அவிழ்ப்பதற்கு முந்தின நாள் அது சோற்றைப் பாதியில் விட்டிருந்தது. அதையும் நான் பார்த்தேன்.

மத்தியானம் மூடுபனி இறங்கியிருந்தது. வீட்டுக்குப் பின்னால் முள்வேலிக்கு அந்தப் பக்கம் கங்காணி வீட்டுப் பெட்டை போய்க்கொண்டிருந்தது, பின்னால் ஏழெட்டு நாய்கள். எங்கள் நாய் வேலியடியில் ஈரமாயிருந்த புல்லை நக்கிவிட்டுத் தலையைத் தூக்கியது. அதன் கீழ்த்தாடை நடுங்கியது. பற்கள் கடகடவென்று அடித்துக்கொண்டன, கடைவாயில் நுரை வழிந்தது. பெட்டையின் மூத்திரத்தை நக்கிய ஆண் நாய்கள் அப்படிச் செய்யும் என்பது எனக்கு இப்போது தெரியும். அன்று ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெளியே போனால் சுட்டுவிடுவார்கள் என்று மகளுக்குத் தெரியும். ஓடிப்போய் அதன் கழுத்துப் பட்டையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். நாய் திரும்பி அவள் வலது முன்கையைக் கவ்வியது. ஒரே கடி. விட்டுவிட்டு வேலிக்குள் நுழைந்து போய்விட்டது. அதுவரை அவளைப் பார்த்து உறுமியதுகூட இல்லை.

கை முழுவதும் ரத்தம். அவள் அழவில்லை. "அப்பா, புடிச்சிருங்க அத, சுட்டுருவாங்க" என்றாள்.

சவர்க்காரம் போட்டுக் கழுவி, பஸ்ஸைப் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, நாய் எங்கே என்பது. நாய் பத்து நாள் உயிரோடும் சுகமாகவும் இருந்தால் பிள்ளைக்குப் பயமில்லை, ஊசியை நடுவில் நிறுத்திவிடலாம். செத்தால் தலையைக் கெடாமல் கொழும்புக்கு அனுப்ப வேண்டும், மூளையைப் பார்த்துச் சொல்வார்கள். இரண்டும் இல்லையென்றால் தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி. அந்த மருந்தே சிலருக்குக் கால்களை முடக்கிவிடுவதுண்டு என்று தணிந்த குரலில் சொன்னார். முதல் ஊசியை அன்றே போட்டார்கள். மகள் என் கட்டை விரலைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

நாயை உயிரோடு பிடித்தாக வேண்டும். தோட்டத்துக்குத் திரும்பியதும் நேராகக் கங்காணியிடம் போனேன். அடிக்காதீர்கள், பார்த்தால் எனக்கு ஆள் அனுப்புங்கள், அது பெட்டை பின்னால்தான் போயிருக்கிறது என்றேன்.

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "காயடிச்ச நாய் பொட்ட பின்னால போகுமாங்க மாஸ்டர்? காயடிச்ச எருது பசுவத் தொரத்தி எங்கியாவது கண்டிருக்கீங்களா? வாயில நொர தள்ளுனத ஒங்க வீட்டம்மாவே சொன்னாங்களாம். தீனியும் எடுக்கலியாம். வளத்த புள்ளையக் கடிச்சிருக்கு. வேற என்னங்க? வெறிதான்."

மிருக வைத்தியர் சொன்னதையெல்லாம் அவரிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "பாவம், மனசு ஒடஞ்சு பேசுறீங்க" என்றார். படிப்பிக்கிற எனக்கே மூன்றாவது கிழமை அந்தப் பேச்சு மறந்துபோயிருந்தது, அவரை என்ன சொல்ல?

ஞாயிறும் திங்களும் கயிற்றை எடுத்துக்கொண்டு தேயிலை மலைகளுக்குள் அலைந்தேன். மனைவி ஊசிக்குக் கூட்டிப்போனாள். செவ்வாய்க்கிழமை வகுப்பில் இருந்தபோது கீழே ஆற்றுப் பக்கம் கூச்சல் கேட்டது. பிள்ளைகளை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். முட்டிக்குக் கீழே தேயிலை வாது கிழித்தது தெரியவில்லை.

நான் போனபோது முடிந்துவிட்டது. தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியோடும் கல்லோடும் ஆறேழு பேர் நின்றார்கள். கங்காணி வேர்த்துப்போய் என்னிடம் வந்து இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "நம்ம பாப்பாவக் கடிச்சத விட்டுருவோமா மாஸ்டர்? இந்தாங்க, ஒங்க கண்ணால பாத்துக்குங்க."

பார்த்தேன். தலை என்று ஒன்று மிச்சமில்லை.

"என்ன செய்து கொண்டிருந்தது?" என்று கேட்டேன்.

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஓர் இளைஞன் கூச்சத்தோடு சொன்னான். "பொட்ட மேல ஏறிக்கிட்டு நின்னுச்சுங்க. காயடிச்சதுக்கு அப்படிச் செய்யத் தோணுமாங்களா? அதான் வெறின்னு நிச்சயம் பண்ணிக்கிட்டோம்."

 அவர்களில் மூன்று பேரின் பிள்ளைகள் என் வகுப்பில் படிக்கிறார்கள். எல்லாரும் எனக்காகத்தான் வேலையை விட்டு வந்திருந்தார்கள்.

மறுநாள் ஊசி முடிந்ததும் மகளையும் மனைவியையும் ஆஸ்பத்திரி வாங்குப் பலகையில் உட்கார வைத்துவிட்டு மிருக வைத்தியரிடம் போனேன். சங்கிலியை அவிழ்த்தது நான்தான் என்று சொன்னேன்.  பெட்டையோடு சேர்ந்து நின்றதைச் சொன்னபோது வெறியில்லை என்று அவர் சொல்லிவிட மாட்டாரா என்ற ஆசை என் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும்.

"மூண்டாம் கிழமையிலை அது நடக்கக்கூடியதுதான், மாஸ்டர். வெட்டின நாய் அப்பிடி நிண்டது வெறி எண்டதுக்குச் சாட்சியில்லை." நாற்காலியை எனக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "ஆனா உங்களுக்குப் பொய் சொல்லேலாது. வெறியிலையும் முதல் நாளுகளிலை சில நாயள் அப்பிடித்தான் திரியும். நுரையும் அப்பிடித்தான். தலை இருந்திருந்தாத்தான் சொல்லலாம்."

பதினான்கு ஊசியும் போட்டார்கள். வயிறு பலாக்காய் போலத் தடித்துச் சிவந்தது. ஒன்பதாவது ஊசியன்று பஸ்ஸை விட்டு இறங்கும்போது, "காலு மரத்துப் போச்சுப்பா" என்றாள். பாதையிலேயே உட்கார்ந்து அவள் பாதங்களைத் தேய்த்தேன். உட்கார்ந்தே வந்ததில் மரத்ததுதான், எழுந்து நடந்துவிட்டாள். நான் பின்னாலேயே அவள் கால்களைப் பார்த்துக்கொண்டு நடந்தேன்.

இது நடந்து மூன்று மாதம் தாண்டிவிட்டது. பெரும்பாலும் மூன்று மாதத்துக்குள் தெரிந்துவிடும் என்றார் டாக்டர். சிலருக்கு வருஷம்கூட ஆகும் என்றும் சொன்னார்.

கங்காணி வீட்டுப் பெட்டையை நான் தினமும் காலையில் போய்ப் பார்க்கிறேன். எங்கள் நாயோடு கடைசிவரை இருந்தது அது ஒன்றுதான். அதற்கு வெறி வந்தால் எனக்குத் தெரிந்தாக வேண்டும். வராவிட்டால் அது முழு நிச்சயமாகாது என்பதும் தெரியும், என்றாலும் போகிறேன். கையில் கொஞ்சம் சோறு கொண்டுபோவேன். எனக்குக் கோபம் ஆறிவிட்டது என்று கங்காணி சந்தோஷப்படுகிறார். தேத்தண்ணி கொடுக்கிறார். பெட்டை நாலு குட்டி போட்டபோது என்னைக் கூப்பிட்டுக் காட்டி, "இதுல ஒங்க சாமியாரோடது எது மாஸ்டர்?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மகள் இடது கையால் வலது கைத் தழும்பைச் சொறிந்தாள். கடிபட்ட இடம் அரிக்கத் தொடங்குவதுதான் பல பேருக்கு முதல் அறிகுறி என்று டாக்டர் என்னிடம் தனியாகச் சொல்லியிருந்தார். மனைவிக்கு நான் இதைச் சொல்லவில்லை. "என்னம்மா?" என்றேன். "குளிருக்கு அரிக்குதுப்பா" என்றாள். மறுபடி சொறிகிறாளா என்று சோற்றைப் பிசைந்தபடியே பார்த்துக்கொண்டிருந்தேன். சொறியவில்லை. கையைக் கழுவிவிட்டு விளையாடப் போனாள்.

நான் சட்டையை மாட்டிக்கொண்டு அன்று இரண்டாவது தடவையாகக் கங்காணி வீட்டுக்குப் போனேன். பெட்டை மாட்டுக் கொட்டிலுக்குப் பக்கத்தில் குட்டிகளோடு படுத்திருந்தது. தினமும் என் கையால் சோறு தின்கிற நாய் என்னைக் கண்டதும் பல்லைக் காட்டி உறுமியது. பின்வாங்கினேன். மறுபடியும் உறுமியது.

"குட்டி இருக்குதுங்கள்ல, கிட்டப் போனா அப்படித்தான்" என்றார் கங்காணி உள்ளேயிருந்து. "நேத்து என்னையும் சீறுச்சு."

பால் கொடுக்கிற நாய் உறுமத்தான் செய்யும். அது எனக்கும் தெரியும். அவர் கொண்டுவந்த தேத்தண்ணி ஆறிப்போகும்வரை அதன் கடைவாயையே பார்த்துக்கொண்டு நின்றேன்.