தாடைக்கு லைட் அடித்தால் வலி போகுமா?

போன மாதம் ஒரு நாள் பெரிதாகக் கொட்டாவி விட்டேன். காதோரம் ‘டக்’ என்று ஒரு சத்தம். அவ்வளவுதான்... மூடினாலும் வலி, திறந்தாலும் வலி. வீட்டில் யாராவது பதறினார்களா? ம்ஹூம். வாரா வாரம் இந்தப் பக்கத்தில் வாயடிக்கிறவனுக்கு வாய் அடைத்துப்போனால், மற்றவர்களுக்கு அது லீவுதானே!

பல் டாக்டர் பார்த்துவிட்டு, “பல்லுல ஒண்ணுமில்ல, தாடை ஜாயின்ட்லதான் பிரச்சினை” என்று ஒரு பிசியோதெரபி கிளினிக்குக்கு அனுப்பினார். ஓசூரில், ஒரு எஸ்.டி.டி. பூத்துக்கு மேல் மாடி. பிசியோ டாக்டர் ஷோபா, பாகலூர்க்காரர். என் கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டிவிட்டு, பேனா மாதிரி ஒரு கருவியைக் காதுக்கு முன்னால் வைத்தார். லேசர் ஒளி சிகிச்சையாம். சூடும் தெரியவில்லை, சத்தமும் இல்லை. இதற்கு ஃபீஸ் வேறயா என்று உள்ளுக்குள் முணுமுணுத்தேன். ஆனால் சில தடவை போய் வந்ததும் சப்பாத்தியைக் கடிக்க முடிந்தது. நான் நம்புவதற்கு முன்பே என் தாடை நம்பிவிட்டது!

அங்கேதான் நாகராஜைச் சந்தித்தேன். தக்காளி மண்டியில் ஏலம் விடுகிறவர். அவருக்கும் இதே வலி. ஆனால் எனக்கு வலி மட்டும்தான் – அவருக்கு வேலையே ஆட்டம் கண்டிருந்தது. திங்கட்கிழமை ஏலத்துக்கு வரவில்லையென்றால் வேறு ஆள் வைத்துக்கொள்வேன் என்று மண்டி முதலாளி சொல்லிவிட்டாராம்.

“லைட் வெச்சா வலி குறையும்ணா. ஆனா நீங்க மறுபடியும் போய்க் கத்துனா நான் எத்தன தடவ வெச்சாலும் பிரயோஜனமில்ல” என்றார் ஷோபா.

“வாய மூடிக்கினு எப்படி மேடம் ஏலம் உடறது?”

“எப்படி உடுவீங்க? மெதுவா சொல்லிக் காட்டுங்க.”

நாகராஜ் தாடையைப் பிடித்துக்கொண்டே ஆரம்பித்தார். “நூத்தி இருபது... நூற இப்பத்து... நூட்ட இரவை...”

தமிழ், கன்னடம், தெலுங்கு. ஒவ்வொரு விலையும் மூன்று தடவை! மாலூர் வியாபாரிக்குக் கன்னடம், பேரிகை விவசாயிக்குத் தெலுங்கு, சேலத்து லாரிக்காரருக்குத் தமிழ். தாடை என்னத்துக்கு ஆகும்?

ஷோபா சிரித்துவிட்டார். “நம்ம பக்கம் மூணும் புரியாதவங்க யாருண்ணா இருக்காங்க? ஒரு தடவ சொன்னா போதாதா?”

“எந்த பாஷைய உடச் சொல்றீங்க மேடம்? உட்டா அவன் கோவிச்சுக்கினு அடுத்த மண்டிக்குப் போயிடுவான்.”

நியாயமான பயம்தான். பஸ்ஸில் ஜன்னல் ஓரம் கேட்பதற்குக்கூட எதிராளி முகத்தைப் பார்த்து பாஷையை மாற்றுகிற ஊர் இது. அவரவர் பாஷையில் பேசுவதுதான் இங்கே மரியாதை.

திங்கட்கிழமை காலையில் நானும் மண்டிக்குப் போய்விட்டேன். வேடிக்கை பார்க்கத்தான்... ஆனாலும் முதலாளி எங்கே நிற்கிறார் என்றுதான் முதலில் தேடினேன்.

நாகராஜ் கத்தவில்லை. ஒவ்வொரு விலையையும் ஒரே ஒரு தடவை சொன்னார். இந்த விலை கன்னடத்தில், அடுத்தது தெலுங்கில், அதற்கடுத்தது தமிழில் – வாயில் எது வந்ததோ அது. சரியாகக் காதில் விழவில்லை என்று வியாபாரிகள் நெருங்கி வந்து நின்றுகொண்டார்கள். கன்னட விலைக்குச் சேலத்துக்காரர் கை தூக்கினார். தெலுங்கு விலைக்கு மாலூர்க்காரர் தலையாட்டினார். வழக்கத்தைவிடச் சீக்கிரமே பெட்டிகள் காலி.

முதலாளி பாராட்டவெல்லாம் இல்லை. “நாளைக்குக் கொஞ்சம் வெள்ளன வந்துடு” என்றார். அதைவிட என்ன உத்தரவாதம் வேண்டும்?

நான் ஓடிப்போய்க் கை கொடுத்தேன். மனிதர் முகத்தில் பாதிதான் சிரிப்பு.

“என்ன நாகராஜ்... வேலையும் நிலைச்சிடுச்சு, வலியும் இல்லை. அப்புறம் என்ன?”

“அதில்ல சார்... இத்தன வருஷமா மூணு மூணு தடவ சொன்னவன். இன்னிக்கு ஏன் ஒரு தடவதான் சொல்றேன்னு ஒருத்தன்கூட கேக்கல சார்!”

அந்த வலிக்கு ஷோபாவிடம் லைட் இல்லை.