மாமி பார்த்து வாங்கிய கதவு

திருத்துறைப்பூண்டி மரவாடியில் மாமி பலகைகளைத் தட்டிப் பார்த்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. மாமி என்றால் என் வீட்டுக்காரரைப் பெற்றவர். உடம்பை மூடிய வெள்ளைத் துப்பட்டிக்குள்ளிருந்து கையை மட்டும் வெளியே நீட்டி, விரலை மடக்கி, சாத்தி வைத்த பலகைகளை வரிசையாகத் தட்டிக்கொண்டே போவார். சத்தம் பிடிக்காவிட்டால் கடைக்காரரிடம் ஒன்றும் சொல்ல மாட்டார். வெளி ஆண்களோடு அவர் பேசியதே கிடையாது. என் பக்கம் திரும்பி உதட்டைப் பிதுக்குவார், நான்தான் "வேற காட்டுங்க" என்று சொல்ல வேண்டும். கடைசியில் ஒரு வேங்கைப் பலகையைத் தட்டிவிட்டுக் கையை அதன்மேலேயே வைத்துக்கொண்டு நின்றார். பிடித்துப்போய்விட்டது என்று தெரிந்துகொண்டேன்.

வீட்டுக்காரர் அப்போது சபுரில் இருந்தார். வளைகுடாவுக்குச் சம்பாதிக்கப் போவதை எங்கள் பக்கத்தில் சபுர் என்றுதான் சொல்வோம். ஆண் துணையில்லாமல் நானும் மாமியும்தான் அந்த வீட்டைக் கட்டி முடித்தோம். அஸ்திவாரம் போட்ட சமயத்தில் அடுத்த தெருவில் ஒரு சபுராளி வீட்டு ஜன்னல் கம்பியை வளைத்து யாரோ உள்ளே புகுந்து, தனியாக இருந்த பெண்ணின் கழுத்தில் கத்தியை வைத்துவிட்டார்கள். அன்றிலிருந்து மாமிக்கு வீடு என்றாலே திருடன்தான். எனக்கு மட்டும் என்ன, சாயங்காலமானால் கதவை இரண்டு தடவை இழுத்துப் பார்ப்பேன். கண்ணாடி ஜன்னல் போட்டால் காற்றும் வெளிச்சமும் வரும் என்று வீட்டுக்காரர் போனில் சொன்னதற்கு, "திருடனும் வருவான், வேணாம் தம்பி" என்று மாமி சொல்லிவிட்டார். "நீங்க ரெண்டு பேரும் பயமில்லாம தூங்கணும் உம்மா. எது தோதோ அதப் போடுங்க" என்றார் வீட்டுக்காரர்.

அதனால் ஜன்னல்களுக்கு மரக்கதவு, உள்ளே சதுரக் கம்பியில் நெருக்கிப் போட்ட கிரில். வாசலுக்கு வேங்கை. அதோடு விடாமல் அறைகளுக்கும் வாசல் கதவின் கனத்திலேயே செய்யச் சொன்னார் மாமி. மேலே ஒரு தாழ்ப்பாள், நடுவில் ஒன்று, கீழே ஒன்று. அறைக்கு எதற்கு இவ்வளவு என்று ஆசாரி கேட்டார். "வாசலத் தாண்டி வந்துட்டான்னா என்ன செய்யிறதுன்னு கேளு" என்றார் மாமி என்னிடம். நான் கேட்டேன். "இது வீடாம்மா, பேங்க் லாக்கரா?" என்று ஆசாரி சிரித்தார். "சிரிக்காம செய்யச் சொல்லு" என்றார் மாமி. அதையும் சொன்னேன். உள்ளுக்குள் எனக்கும் ஆறுதலாகத்தான் இருந்தது. குடிபோன அன்று அந்தக் கதவைச் சாத்திக்கொண்டு படுத்தபோது வெகு காலத்துக்குப் பிறகு அசந்து தூங்கினேன்.

அந்த ஐப்பசியில் மழை விட்டிருந்த ஒரு நாள், ஜன்னல்களுக்கு அடிக்காமல் விட்டிருந்த பெயின்ட்டை அடிக்க இரண்டு பேர் வந்தார்கள். ஆண்கள் வந்தால் மாமி அறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொள்வது வழக்கம். அன்றும் போனார். மூன்று தாழ்ப்பாளும் ஒவ்வொன்றாக விழுவது அடுப்படிக்குக் கேட்டது. நண்பகல் தொழுகைக்கு லுஹர் பாங்கு சொன்னால் மாமியால் உட்கார்ந்திருக்க முடியாது. யார் இருந்தாலும் முகத்தை மூடிக்கொண்டு, தொழுமுன் கைகால் கழுவி ஒளு செய்ய அடிபம்புக்கு வந்துவிடுவார். பாங்கு முடிந்தது, தொழுகையும் முடிந்தது, மாமி வரவில்லை. கதவைத் தட்டினேன். பலமாகத் தட்டினேன். உள்ளே சத்தமே இல்லை.

வெளியே ஓடி ஜன்னல் பக்கம் போனேன். பெயின்ட் காயட்டும் என்று ஒரு கதவை மட்டும் ஒருக்களித்து வைத்திருந்தார்கள். அதன் வழியாகப் பார்த்தேன். மாமி தரையில் கிடந்தார். மௌத்தாகிவிட்டார் என்றே நினைத்தேன். பிறகு அவர் கண் அசைந்தது. வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. கம்பிக்குள் கையை விட்டுத் துழாவினேன், முழங்கைக்கு மேல் நுழையவில்லை.

பெயின்ட்டர்கள் இருவரும் கதவில் தோளைக் கொடுத்து மோதினார்கள். கதவு அசையவில்லை. பக்கத்து வீட்டிலிருந்து கடப்பாரை வந்தது. அதன் நுனியைச் செருக இடுக்கு வேண்டுமே, மழை ஈரத்தில் மரம் ஊதி நிலையோடு கவ்விக்கொண்டிருந்தது. ஒவ்வொரு இடிக்கும் மாமியின் கண் இமை துடித்ததைப் பார்த்துக்கொண்டு கம்பியைப் பிடித்தபடி நின்றேன். ஒரு பெயின்ட்டர் என் பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்தார். மாமி, விளங்கிய ஒற்றைக் கையால், துப்பட்டியை இழுத்து முகத்தில் போட்டுக்கொண்டார். அதற்குள்ளிருந்து குழறலாக ஒரு குரல் வந்தது. "ஒடைக்க வேணாம்னு சொல்லு. புதுக் கதவு."

கதவு உடையவும் இல்லை. கடைசியில் சுவரைத்தான் உடைத்தார்கள். நிலைக்குப் பக்கத்தில் செங்கல்லைப் பெயர்த்து ஓட்டை போட்டு, அதன் வழியாக நான் நுழைந்தேன். தாழ்ப்பாள்களை நீக்கி நான் இழுக்க, அந்த ஆண்கள் வெளியிலிருந்து தள்ள, கதவு முனகிக்கொண்டே திறந்தது. தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் டாக்டர், இன்னும் கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால் கையும் காலும் வந்திருக்கும் என்றார். மாமி அதன் பிறகு படுக்கையிலேயே சில காலம் இருந்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். அந்த நாட்களில் கதவு தானாகக் காற்றில் சாத்திக்கொண்டால்கூட என்னைக் கூப்பிடுவார். நானும் போட்டது போட்டபடி ஓடுவேன். திருடனை நாங்கள் இருவருமே மறந்துபோயிருந்தோம்.

இப்போது வீட்டுக்காரரும் இல்லை. என் மகன் தஞ்சாவூருக்கு வெளியே வீடு கட்டுகிறான். போன வாரம் கதவும் ஜன்னலும் பார்க்க என்னைக் கடைக்கு அழைத்துப் போனான். மரம்போலவே இருந்தது, இரும்பாம். விரலை வைத்தால் திறக்கிற பூட்டு. மகனுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. கடைக்காரத் தம்பியிடம் நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்.

"இத ஒடைக்கணும்னா எவ்வளவு நேரம் ஆகும்?"

அவர் என்னைப் பார்த்துப் பரிவாகச் சிரித்தார். "நாள் பூரா இடிச்சாலும் ஒடையாதும்மா. நீங்க நிம்மதியா தூங்கலாம்."

மகன் அதையே எடுக்கச் சொல்லிவிட்டான். கீழே இருக்கிற அறைக்கு, எனக்கு.